அத்தையின் பெயரைக் கூப்பிட்டார்கள்

ஒரு வியாழக்கிழமை முற்பகலில் என் பெரியம்மா கொஞ்ச நேரம் என் அத்தையாக இருந்தாள். அந்த வேடத்தை அவள் கெடுத்துவிட்டாள் என்று பெரியப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அது நியாயமில்லை. முக்காடு போட்டுக்கொண்டு வாய் திறக்காமல் உட்காரச் சொன்னார்கள்; உட்கார்ந்தாள். அத்தை எந்த இடத்திலும் வாய் திறக்காமல் உட்கார்ந்ததில்லை என்பது சொல்லிக்கொடுத்தவர்களுக்கே உறைக்காதபோது பெரியம்மாவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

பதிவு அலுவலகங்களில் பதினேழு வருடம் வேலை பார்த்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவள் நான். கிரயம், தானம், விடுதலை, பாகப்பிரிவினை என்று எந்தப் பத்திரத்துக்கு யார் வர வேண்டும், யார் எங்கே விரலை வைக்க வேண்டும், எதை விட்டால் எது செல்லாமல் போகும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இப்போது யாரும் கேட்பதில்லை. அந்த வியாழக்கிழமை எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். நிலத்தை விற்றால் எங்கள் வீட்டுக்குள் குழாய் வரும். நான் ஒயிட்ஃபீல்டில் டை கட்டிக்கொண்டு போகும் பள்ளிக்கூடத்தில் சேர்வேன். எனக்குப் பத்து வயது, அம்மா இல்லை. விற்பனைக்கு என்னைவிடத் தீவிர ஆதரவாளர் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. ஒயிட்ஃபீல்டைத் தாண்டி, பெங்களூர் கிராமாந்தர ஜில்லா தொடங்கும் இடத்தில், ஓர் ஏரியின் ஓரமாக எங்கள் நிலம் இருந்தது. தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த தாத்தா சொந்தப் பணத்தில் வாங்கியது. அவர் உயில் எழுதாமல் செத்துப்போனார். அப்படிச் செத்துப்போனால் மகன்களுக்கு எவ்வளவோ அவ்வளவு மகளுக்கும் உண்டு. தாத்தாவுக்கு மூன்று பிள்ளைகள்: பெரியப்பா, அத்தை, அப்பா. இதில் நடுவில் இருப்பவள் ஒருத்தி இருக்கிறாள் என்பது, கையெழுத்து தேவைப்படும்வரை, மற்ற இருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கு வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அத்தை மட்டும் காரணம் சொல்லவில்லை. விடிவதற்கு முன் ஏரிப்பக்கம் இறங்குவாள். முட்டிவரை சேற்றில் நின்று கீரை அறுப்பாள். கொத்தமல்லி, வெந்தயக் கீரை, தண்டுக்கீரை, சப்சிகே என்று கன்னடத்தில் சொல்லும் சோயிக்கீரை. முதல் பஸ்ஸில் கூடையோடு போனால் பொழுது சாயும்போது காலிக் கூடையோடு வருவாள். சிவாஜிநகர் சந்தைக்குப் போகிறாள் என்று எல்லோருக்கும் நினைப்பு. பல நாள் அங்கேதான் போனாள். எல்லா நாளும் அங்கேதானா என்று அவளை யாரும் கேட்டதில்லை.

நிலத்தை வாங்க வந்தவர் ஓர் ஓட்டல்காரர். விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்று அப்போது கர்நாடகத்தில் சட்டம் இருந்தது. அவர் ஏதோ ஒரு தாலூகாவில் விவசாயி ஆகிவிட்டுத்தான் வெள்ளைக் காரில் வந்தார். வந்தது நல்ல கோடையில். கோடையில் எங்கள் நிலம் வளரும். ஏரி வற்றி உள்ளே போகப் போக அத்தை பின்னாலேயே போய்ப் பாத்தி போடுவாள். எங்கள் எல்லைக் கல்லைத் தாண்டி எங்கள் கீரை தண்ணீர்வரைக்கும் போயிருக்கும். கல்லுக்கு அந்தப் பக்கம் சர்க்காருடையது. ஆடியில் மழை பிடித்தால் சர்க்கார் தன் நிலத்தை எடுத்துக்கொள்ளும். கூடவே எங்களுடையதிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

ஓட்டல்காரர் பாத்திகளுக்கு நடுவே ஷூவோடு நின்றுகொண்டு தண்ணீரைப் பார்த்தார்.

“நனகே நீர் தெரியணும், அஷ்டே, அவ்ளோதான். காலையில எழுந்தா நீர் தெரியணும். எல்லை எதுவரைக்கும்?”

பெரியப்பா கையைத் தண்ணீரை நோக்கி வீசினார். பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது. வாயால் எதுவும் சொல்லவில்லை.

பேச்சு முடிந்தது. பத்திரத்தில் ஒரு விலை, பையில் ஒரு விலை. பத்திரத்து விலை சர்க்காருக்கு. பை விலை குடும்பத்துக்கு. இந்த ஏற்பாட்டுக்கு நான் பிற்பாடு எத்தனையோ முறை எதிரில் உட்கார்ந்து முத்திரை குத்தியிருக்கிறேன். எல்லோரும் பத்திரத்து விலையைச் சொல்லும்போது சத்தமாகச் சொல்வார்கள். அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பெரியப்பா முன்பணமாக ஒரு கட்டு வாங்கி, வீட்டு ஓட்டைப் பிரித்து ஷீட் போட்டுவிட்டார். ஆகையால் திரும்பிப் போக வழியில்லை. மழையும் அந்த வருடம் முந்திக்கொள்ளும் போலிருந்தது. ஏரி நிரம்பி ஓட்டல்காரர் அதைப் பார்ப்பதற்குள் ரிஜிஸ்டர் ஆக வேண்டும். பெரியப்பா தினமும் சாப்பாட்டுத் தட்டோடு வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்துவிட்டுப் போவார்.

மிச்சம் அத்தைதான்.

“அவகிட்ட கேட்டா காரியம் கெடும்” என்றார் பெரியப்பா. “அந்த சேத்துமேல அவளுக்கு உசுரு. கட்டிப் புடிச்சிக்கினு உக்காந்துடுவா.”

“கேட்டுத்தான் பாக்கலாமேண்ணா” என்றார் அப்பா.

“நீ போய்க் கேளு.”

அப்பா போகவில்லை. அப்பா கெட்டவர் இல்லை. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துவிட்டு, அதை வேறு யாராவது முடித்துக்கொடுப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பவர். எங்கள் வீட்டில் அதைப் பெரியப்பாதான் முடிப்பார்.

அவர் முடித்த விதம் இது. பதிவு அலுவலகத்தில் அந்தக் காலத்தில் கேமரா கிடையாது. பெயர் கேட்பார்கள், இரண்டு சாட்சி ‘ஆமாம், இவர்தான்’ என்பார்கள், விரலில் மை தடவுவார்கள். அத்தையின் வயதில், அத்தையின் உயரத்தில் ஒரு பெண் வேண்டும். வீட்டிலேயே ஒருத்தி இருந்தாள். வியாழக்கிழமை அத்தை சிவாஜிநகருக்குப் போய்விட்டால் பொழுது சாயும்வரை வர மாட்டாள். பெரியம்மா ஒரே ஒரு விஷயத்தில் முரண்டு பிடித்தாள். கல்யாணமாகாதவளாக நடிக்க வேண்டும், தாலியைக் கழற்றி வை என்றபோது, “உங்க நெலம் போனாலும் போவட்டும், நான் கழட்ட மாட்டேன்” என்றாள். சரி, முந்தானையால் மூடிக்கொள் என்று முடிவாயிற்று. காலைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

என்னைக் கூட்டிப்போனதற்குக் காரணம் ஓட்டல்காரரின் வக்கீல். நாளைக்குப் பேரன் பேத்தி என்று யாரும் வழக்குக்கு வரக் கூடாது, எல்லோரும் நேரில் இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார். பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகையால் எல்லோரும் என்பது நான்தான். தீபாவளிக் கவுனைப் போட்டுவிட்டார்கள்.

“பாப்பா, அங்க யாராச்சும் இது யாருன்னு கேட்டா இன்னா சொல்லுவே?” என்று பெரியப்பா பெரியம்மாவைக் காட்டினார்.

“அத்தை.”

“கெட்டிக்காரி.”

வெள்ளைக் கார் எங்களை ஏற்றிக்கொண்டது. முன்னால் ஓட்டல்காரர், மடியில் ரெக்ஸின் பை. பின்னால் நாங்கள் நான்கு பேர். விடிந்ததிலிருந்தே கருப்பு மூட்டம். விளக்குப் போடலாம் போல இருந்தது. “சீக்கிரம் விடப்பா” என்று பெரியப்பா டிரைவரை விரட்டிக்கொண்டே வந்தார். தாலூகா ஊரில் அன்றைக்குச் சந்தை. மாடுகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் நடுவே கார் ஊர்ந்து பதிவு அலுவலகத்தின் கேட்டுக்குள் திரும்பியது. கேட்டோரம் சாக்கு விரித்து, கீரைக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு ஒரே சந்தோஷம். “அத்தை!” என்றேன் விரலை நீட்டி.

பெரியம்மா என் கையைப் பிடித்து இறக்கினாள். “ஆமாண்டி. உள்ள போய் கேட்டா சொல்லு. இப்பவே இன்னாத்துக்கு?”

“இல்ல பெரியம்மா, அத்தை...”

“போதும், நல்லாத்தான் சொல்றே” என்றார் பெரியப்பா பெருமையாக.

நான் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். அத்தையும் என்னைப் பார்த்தாள். கார், முக்காடு, பை, கவுன் எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்தாள். பிறகு முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு கீரைப் பக்கம் குனிந்துகொண்டாள். அவளுக்கும் அன்றைக்கு முக்காடு போட்டுக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமைகளில் அத்தை அந்தக் கேட்டில் உட்கார ஆரம்பித்துப் பல வருடமாகியிருந்தது. காரணத்தைப் பின்னால் அவளே சொன்னாள்: “நெலம் வாங்கிட்டு வெளிய வர்றவன் கொத்தமல்லிக்கு பேரம் பேச மாட்டான். வித்துட்டு வர்றவன் பொண்டாட்டி கோவிச்சிக்கக் கூடாதுன்னு ரெண்டு கட்டு கூடவே வாங்குவான்.” அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் சொப்பக்கா. கன்னடத்தில் சொப்பு என்றால் கீரை. அவளுடைய உண்மையான பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை, வீட்டைப் போலத்தான்.

தாழ்வாரத்தில் பெஞ்சு போட்டிருந்தது. பெரியம்மா, பெரியப்பா, அப்பா என்று வரிசையாக உட்கார்ந்தார்கள். எனக்கு இடமில்லாததால் பக்கத்து ஜன்னலில் சாய்ந்து நின்றேன். ஜன்னலுக்கு நேரே கேட். கேட்டோரம் அத்தை.

இந்த அலுவலகங்களில் ஒரு வழக்கம் உண்டு. பத்திரம் அதிகாரியின் மேஜைக்குப் போனதும் அட்டெண்டர் வாசற்படியில் வந்து நின்று, எழுதிக்கொடுப்பவரின் பெயரை, அப்பா பெயரோடும் ஊர்ப் பெயரோடும் சேர்த்து, தெருவுக்கே கேட்கும்படி கூப்பிடுவார். டீ குடிக்கப் போனவர், வெற்றிலை துப்பப் போனவர் எல்லோரும் ஓடி வர வேண்டுமே. நானும் பதினேழு வருடம் அந்தக் குரலைக் கேட்டேன். பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருப்பவரைக்கூட அவர்கள் பக்கத்து ஊருக்குக் கேட்கும்படிதான் கூப்பிடுவார்கள்.

பெரியப்பாவின் பெயரைக் கூப்பிட்டார். பெரியப்பா உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அடுத்து அத்தையின் பெயர்.

யாரும் எழுந்திருக்கவில்லை. பெரியம்மா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை அந்தப் பெயரால் யாரும் கூப்பிட்டதில்லை. அவளுக்கு எப்படித் தோன்றும்? நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டில் அத்தை தலையைத் தூக்கினாள். கையில் ஒரு வெந்தயக் கீரைக் கட்டு அப்படியே நின்றது.

அட்டெண்டர் இரண்டாம் முறை கூப்பிட்டார். பெரியப்பா முழங்கையால் இடித்தார். பெரியம்மா, “இன்னா?” என்று அவரையே திருப்பி இடித்தாள். அப்பா எழுந்து என் பக்கத்தில் ஜன்னலுக்கு வந்தார். வெளியே பார்த்தார். பிறகு என்னை ஒதுக்கிவிட்டு, ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினார்.

“வெயில் கண்ணக் கூசுது” என்றார்.

மூன்றாம் முறை கூப்பிட்டபோது பெரியம்மாவுக்குத் தான் யார் என்று ஞாபகம் வந்துவிட்டது. எழுந்து உள்ளே போனாள். அவளை அடையாளம் சொல்லப் பெரியப்பா ஏற்பாடு செய்திருந்த இரண்டு சாட்சிகளும், பெரியப்பாவும், ஓட்டல்காரரும், தன் பெயர் வந்தால் கையெழுத்துப் போட அப்பாவும், அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நானும் பின்னால் போனோம்.

சப்-ரிஜிஸ்திரார் நிமிர்ந்து பார்க்கவில்லை. “நீவேனா?” என்றார். நீதானா என்று அர்த்தம். பெரியம்மாவின் முக்காடு ஆடியது. “எழுதிக் குடுத்தது சம்மதம்தானே? துட்டு வந்துச்சா?” மறுபடி ஆடியது. அட்டெண்டர் அவள் இடது கட்டை விரலைப் பிடித்து, மைப் பலகையில் உருட்டி, காகிதத்தில் அழுத்தினார்.

“அண்ணி, என் பேரு உனக்கு நல்லா இருக்குதா?”

வாசலில் அத்தை. தலையில் கூடை. கூடையிலிருந்து தண்ணீர் சொட்டி அலுவலகத்துத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

சப்-ரிஜிஸ்திரார் அப்போதுதான் நிமிர்ந்தார். “ஏ சொப்பக்கா, ஆமேலே பா. அப்புறம் வா. வேலை நடக்குது.”

“கூப்ட்டீங்களே சார். வந்தேன்.”

“நான் எப்ப கூப்ட்டேன்?”

“உங்க ஆளு கூப்ட்டாரு. ஒரு தடவ இல்ல, மூணு தடவ. எங்கப்பா பேரு, ஊரு பேரு எல்லாம் சேத்து. வியாபாரத்த விட்டுட்டு வந்தேன். இங்க பாத்தா எனக்கு முன்னாடியே நான் வந்து உக்காந்துக்கினு இருக்கேன்.”

பெரியம்மா மை பூசிய விரலை உயர்த்திப் பிடித்தபடி அப்படியே நின்றாள். எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

பெரியப்பா முன்னால் வந்தார். “சார், இவ யாரோ கீரைக்காரி. இவள எனக்குத் தெரியவே தெரியாது.”

“எனக்குத் தெரியுமய்யா” என்றார் சப்-ரிஜிஸ்திரார். “பல வருஷமா இந்தம்மா சொப்புதான் எங்க வீட்டு சாறுல வேகுது. நீ யாருன்னுதான் எனக்குத் தெரியல.”

அத்தை கூடையை இறக்கினாள். பெரியம்மாவின் காலைப் பார்த்தாள். “ஏன் அண்ணி, கல்யாணம் ஆவாதவளுக்கு மெட்டி எதுக்கு? எனக்கு எப்ப கண்ணாலம் பண்ணி வெச்சீங்க? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனே.”

அட்டெண்டர் சிரித்துவிட்டார். சப்-ரிஜிஸ்திரார் சிரிக்கவில்லை. மற்றொருவராக நடித்து ஒப்புதல் கொடுத்தால், கொடுக்க வைத்தால், ஏழு வருடம்வரை ஜெயில் என்று கன்னடத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அந்தப் பிரிவின் எண் எனக்கு இன்றைக்கும் தெரியும். ஓட்டல்காரர், “நனகேனும் கொத்தில்லப்பா, எனக்கு ஒண்ணும் தெரியாது” என்று பையை அணைத்துக்கொண்டு காருக்குப் போய்விட்டார்.

“கம்ப்ளெயிண்ட் குடுக்கறியா, சொப்பக்கா?”

அத்தை பெரியப்பாவைப் பார்த்தாள், பெரியம்மாவைப் பார்த்தாள். அப்பாவைத்தான் அதிக நேரம் பார்த்தாள். அப்பா என் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் அவர் என் தலையைத் தடவியதே இல்லை.

“குடுத்தா இந்தப் பொண்ணுக்கு யாரு சோறு போடறது? வேணாம் சார்” என்றாள். “பாகம் பிரிச்சுக் குடுக்கட்டும். ரிஜிஸ்டர்ல ஏத்திக் குடுக்கட்டும். தண்ணிப் பக்கம் எனக்கு.”

அப்பா அன்றைக்கு முதல்முறையாக அவளிடம் பேசினார். “அக்கா, அது மழைக்கு முழுவிடுமே.”

“முழுவட்டும்டா. எனக்கு அது புதுசா?” கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். “என்னக் கேட்டிருந்தா போட்டிருப்பேன்ணா கையெழுத்து. எனக்கென்ன சேத்துல நிக்கணும்னு வேண்டுதலா?”

அதை யாரும் நம்பவில்லை. பெரியப்பா கடைசிவரை நம்பவில்லை.

வீட்டுக்கு பஸ்ஸில் வந்தோம். வழியிலேயே மழை பிடித்துக்கொண்டது. அத்தை மிச்சக் கீரையை விற்றுவிட்டு, சொட்டச் சொட்ட நனைந்து பொழுது சாய வந்து, எப்போதும் போல அடுப்புப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டாள். பெரியம்மா விரலைப் புளி போட்டும் சாம்பல் போட்டும் தேய்த்தாள். மை பல நாள் போகவில்லை. சாதம் பிசையும்போதெல்லாம் இடது கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள்.

நான் அத்தையோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். என் குழாயையும் டையையும் கெடுத்தவள் அவள். ஒரு நாள் கீரை கட்டிக்கொண்டே சொன்னாள்: “மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினா தண்ணி வந்துருமா? நீ இஷ்டப்பட்டா இஷ்டப்பட்டேன்னு சொல்லு. சண்ட போடு. இப்பிடி உர்ருனு இருக்கறது உங்கப்பன் வேல.” அதற்கும் நான் பேசவில்லை.

பாகம் பிரிந்தது. தண்ணீர்ப் பக்கம் போன பிறகு மிச்சத்துக்கு ஓட்டல்காரர் பழைய விலை கொடுப்பாரா? குறைத்துக் கேட்டார், கூரைமேல் ஏறிய முன்பணம் பெரியப்பாவைத் தலையாட்ட வைத்தது. எங்களுக்குக் குழாய் வந்தது. டை வரவில்லை. ஓட்டல்காரர் மாடி வைத்து ஒரு பண்ணை வீடு கட்டினார். காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரியும்தான். தண்ணீருக்கும் அவருக்கும் நடுவில், புடவையை முட்டிக்கு மேல் சொருகிக்கொண்டு, யாரையோ வைதுகொண்டு, அத்தை தெரிவாள். விருந்தாளிகள் வரும் நாட்களில் வேண்டுமென்றே மாட்டு எரு கொட்டுவாள் என்று சொல்வார்கள். வேண்டுமென்றுதான் கொட்டினாள், நான் கூடை தூக்கியிருக்கிறேன்.

வருடத்துக்கு ஒரு முறை அவர் ரெக்ஸின் பையோடு பாத்தி வரப்பில் வந்து நிற்பார்.

“அம்மா, கேஷ். இப்பவே.”

“கேஷு எதுக்கு? என் பேர எழுதி செக்கு குடு. மொத்த விலையும் பத்திரத்துல எழுது.”

“டாக்ஸ் ஆகும்மா.”

“கட்டு. அப்பறம் வா.”

அவர் போய்விடுவார். இப்படிச் சில வருடம் போயிற்று. ஒயிட்ஃபீல்டில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பின. ஏரிக்குள் எங்கெங்கோ இருந்து சாக்கடை வந்து சேர்ந்தது. ஏரி நாறினாலும் ஓரத்து நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. தூரத்திலிருந்து பார்த்தால் தண்ணீருக்கு நாற்றம் கிடையாதல்லவா? கடைசியில் ஓட்டல்காரரே செக்கோடு வந்தார். மொத்த விலையும் பத்திரத்தில் ஏறியது. அந்த அலுவலகத்துக்கு அப்போது கேமரா வந்திருந்தது. அதே அட்டெண்டர், தலை நரைத்து, வாசற்படியில் நின்று அத்தையின் பெயரைக் கூப்பிட்டார். முதல் கூப்பாடு முடிவதற்குள் அத்தை மேஜை முன்னால் நின்றாள். “இதோ இருக்கேன். ஒருத்திதான்” என்றாள்.

பெரியப்பா நிலம் போனதைவிட அதிகமாக இதற்குத்தான் அதிர்ந்துபோனார். சேற்றைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள் என்றாரே, அவள் திரும்பியே பார்க்கவில்லை. சிவாஜிநகரில் துணிக்கடைகள் நிறைந்த ஒரு சந்தில் மாடி வீடு ஒன்று வாங்கினாள். தொட்டிச் செடிகூட வைக்கவில்லை. கீரையை நிறுத்திவிட்டு அவரைக்காய் சாப்பிட ஆரம்பித்தாள். “கால் காஞ்சு இருக்கறது எவ்வளவு சொகம் தெரியுமாடி?” என்பாள், காலை நீட்டி விரல்களை ஆட்டிக்கொண்டு. அந்தக் கால் விரல்களின் இடுக்கில் சேற்றுப்புண் ஆறிய தழும்புகள் இருக்கும். கேட்டிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பாள் என்பது அப்பட்டமான உண்மை.

நான் படித்து, அதே பதிவுத்துறையில் வேலைக்குச் சேர்ந்தேன். சட்டமெல்லாம் தெரிந்த பிறகு அந்த வியாழக்கிழமை எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. அத்தை கேட்டிலேயே எங்களைப் பார்த்துவிட்டாள். முதல் கூப்பாட்டுக்கே உள்ளே வந்திருந்தால், ‘தப்பாப் போச்சு, சும்மா பார்க்க வந்தோம்’ என்று பெரியப்பா மழுப்பியிருப்பார். மை காகிதத்தில் படும்வரை அது வெறும் எண்ணம். பட்ட பிறகுதான் குற்றம். ஆகையால் அவள் காத்திருந்தாள், மை படும்வரை. பல வருடம் இந்தக் கதையை என் மேஜையைச் சுற்றி நின்றவர்களுக்கு இப்படித்தான் சொன்னேன். எல்லோரும் அத்தையைப் புகழ்ந்தார்கள்.

அப்பா இறந்த வருடம், காரியமெல்லாம் முடிந்து ஒரு நாள், சிவாஜிநகர் மாடியில் உட்கார்ந்து இதை அத்தையிடமே சொன்னேன்.

“கெட்டிக்காரி அத்தே நீ. மை படற வரைக்கும் விட்டுட்டு, கரெக்டா வந்தே பாரு.”

அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “மையா? எந்த மை?”

“பெரியம்மா விரல்ல...”

“அதெல்லாம் எனக்கின்னாடி தெரியும்? உள்ள இன்னா நடக்குதுன்னு கேட்டுலேர்ந்து தெரியுமா?” மறுபடியும் காயைக் கையில் எடுத்தாள். “மொதத் தடவ கூப்ட்டான். உங்கப்பன் அங்கதான் இருக்கான், அவன் சொல்லுவான்னு பாத்தேன். எங்கக்கா வரலன்னு ஒரு வார்த்த. ரெண்டாந் தடவ கூப்ட்டான். அவன் ஜன்னலாண்ட வந்தான். என்னப் பாத்தான்டி. நேருக்கு நேரா பாத்தான். சரி, இப்ப கூப்புடுவான், இல்ல வெளிய வருவான், எப்பிடியும் என்னவோ பண்ணுவான்னு கீரைய கீழ வெச்சிட்டு உக்காந்திருந்தேன். ஜன்னல சாத்திட்டான். அதுக்கப்பறந்தான் எழுந்தேன்.”

“வெயில் அடிச்சுது அத்தே. கண்ணக் கூசுதுன்னு...” என்று நான் ஆரம்பித்தேன். இத்தனை வருடமும் எனக்குள் அந்த வாக்கியம் அப்பா சொன்னபடியே இருந்திருக்கிறது. எடுத்துப் பார்க்க ஒரு முறைகூடத் தோன்றவில்லை.

“வெயிலா?” என்றாள் அத்தை.

நார் உரிப்பதைத் தொடர்ந்தாள். கீழே சந்தில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் அவ்வளவு அவசரப்பட்டதே வானத்தில் வெயில் இல்லாததால்தான்.